ரெண்டாவது பாதி சூசைமுத்து

நெரவிக்கு வந்து சூசைமுத்து வீடு எது என்று கேட்டால் நாலு பேர் தலையைச் சொறிவார்கள். ரெண்டாவது பாதி வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், பால் வாங்கப் போகிற பொம்பளைகூடக் கையை நீட்டிக் காட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போவாள். அந்தப் பெயரை வைத்தது நான்தான். என் பெயர் தங்கப்பன். மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், பந்தாட்டம் எல்லாவற்றுக்கும் என் குழாய்தான் கத்தும். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. ஆனால் மைக்கைக் கையில் பிடித்தவன் வைக்கிற பெயரை எம்.ஏ. படித்தவனாலும் அழிக்க முடியாது.

சூசைமுத்துவுக்கு ஐம்பத்தைந்து வயது. தண்ணீர்த் தொட்டியில் வால்வு திறந்து மூடுகிற வேலை. தொட்டி என் வீட்டுக்கு நேர் எதிரே இருப்பதால் இருபத்தாறு வருடமாக அவர் முகத்தில்தான் விழிக்கிறேன். காலை ஐந்தரைக்குச் சைக்கிளில் வருவார். வால்வுச் சக்கரத்தைக் கால் சுற்று திருகுவார். நிற்பார். பத்து நிமிடம் கழித்து இன்னொரு கால் சுற்று. மறுபடி நிற்பார். முழுசாகத் திறந்து முடிப்பதற்குள் ஆறே கால் ஆகிவிடும். குடத்தை வைத்துக்கொண்டு தெருவே திட்டும். அவர் காதில் ஏறாது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவு போட்டார். பதிலுக்கு வந்த ஆள் சக்கரத்தை ஒரே மூச்சில் சுற்றித் திறந்துவிட்டான். அப்போது பழைய சிமெண்ட் பைப்பு. தெரு முக்கில் வெடித்து முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. சூசைமுத்து காய்ச்சலோடு வந்து அதைப் பார்த்தார். அன்றைக்குப் பிடித்துக்கொண்டார், எதையும் மெதுவாகத்தான் தொடங்க வேண்டும் என்று. அதன் பிறகு சிமெண்ட் பைப்பை எல்லாம் பிடுங்கிவிட்டுப் புதுப் பிளாஸ்டிக் பைப்பு போட்டே எட்டு வருடம் ஆகிறது. சூசைமுத்து சுற்றுவது இன்னும் கால் சுற்றுதான்.

அவர் கல்யாணமே அப்படித்தான் நடந்தது. காரைக்கால் டவுனில் அந்தோணிமேரியைப் பெண் பார்க்கப் போனபோது ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து நாள் கழித்து மறுபடி போனார். அப்போதும் பேசவில்லை. மாப்பிள்ளை ஊமையா என்று பெண்ணின் அண்ணன் தரகரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறான். மூன்றாவது தடவை போனபோது, பெண்ணைப் பார்த்து, காலையில் ஐந்தரைக்குத் தொட்டிக்குப் போக வேண்டும், அதற்கு முன்னால் டீ வேண்டும் என்றாராம். அவ்வளவுதான் காதல் வசனம். கல்யாணமாகி மூன்று வருடம் கழித்துத்தான் குழந்தை பிறந்தது. அதற்கு இந்தத் தெரு பேசிய பேச்சை எல்லாம் இங்கே எழுத முடியாது. அதில் பாதி நான் பேசியது.

அந்தக் குழந்தைதான் ஜெனிஷா. ஒரே பெண். இப்போது இருபத்தொரு வயது.

சூசைமுத்து வாலிபத்தில் கால்பந்து ஆடினவர். பெரிய ஆட்டக்காரர் இல்லை, ஆனால் விடாமல் ஓடுவார். மகள் பந்தைத் தொட ஆரம்பித்ததும் நெரவியில் பெண்கள் அணி ஒன்றைச் சேர்த்துவிட்டார். வயல் வேலைக்குப் போகிற வீட்டுப் பெண்கள், கல்லூரிக்குப் போகிற பெண்கள் என்று பதினோரு பேர். அணியில் சேர்ந்தால் முதல் நாற்பது நாள் பந்தே கிடையாது. ஓட்டம்தான். வாய்க்கால் கரையில் ஓட்டம், கடற்கரை மணலில் ஓட்டம். நாற்பத்தோராம் நாள் பந்தைக் கொடுப்பார், அதையும் உதைக்க விடமாட்டார். பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு ஓடு, தூக்கி அடிக்காதே, தூக்கி அடித்த பந்து யார் வீட்டுப் பந்தோ என்பார். நாற்பது நாள் கணக்கைக் கேட்ட அந்தோணிமேரி, "எனக்கும் அதே கணக்குதான். மொதல்ல ஓட விட்டாரு, அப்புறந்தான் வாயத் தொறந்தாரு" என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆட்டத்திலும் அதே கால் சுற்றுதான். எங்கள் பக்கம் ஏழு பேர் ஆட்டம், பாதிக்கு இருபத்தைந்து நிமிடம். முதல் பாதி முழுக்க அவருடைய பெண்கள் நடுக்கோட்டைத் தாண்டமாட்டார்கள். பந்து கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு குறுக்கே ஓடுவார்கள், திரும்பி ஓடுவார்கள், எதிரியைத் துரத்த விடுவார்கள். அணியிலேயே நல்ல கால் ஜெனிஷாவுடையது. அவளைக் கோல் கம்பத்துக்கு முன்னால் பின்வரிசையில் நிறுத்திவைப்பார். இடைவேளைக்குப் பிறகு அவளை முன்னால் விடுவார். அப்போது எதிரிக்கு நாக்கு வெளியே தொங்கும். மூன்று வருடத்தில் முப்பத்தோரு ஆட்டம் ஆடினார்கள். அதில் இருபத்தேழில் முதல் பாதியில் இவர்களுக்கு ஒரு கோல்கூட இல்லை. ஆனால் பத்தொன்பதில் ஜெயித்தார்கள். அதுதான் வயிற்றெரிச்சல். தோற்றுத் தொலைந்திருந்தால் அந்த மனிதர் எப்போதோ மாறியிருப்பார்.

நெரவிக்காரர்களுக்குக் கணக்குத் தெரியும். சூசைமுத்து அணி ஆடினால் இடைவேளைக்குப் பிறகுதான் ஆள் வரும். பஜ்ஜி போடுகிற அல்லி அக்கா, நடுவர் இடைவேளைக்கு ஊதின பிறகுதான் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றுவாள். நான் மைக்கில், முதல் பாதியில் தூங்குகிறவர்கள் குறட்டை விடாமல் தூங்கவும் என்று அறிவிப்பேன். ஜனம் சிரிக்கும். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சூசைமுத்துவும் சிரிப்பார். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரிப்பார்.

இந்தப் பொங்கலுக்கு நடந்த போட்டியில் விஷயம் வேறு. இறுதி ஆட்டத்துக்குப் புதுச்சேரியிலிருந்து குஞ்சிதபாதம் என்பவர் சிறப்பு விருந்தினராக வருவதாக ஏற்பாடு. வெறும் மாலை மரியாதைக்கு வருகிற ஆள் இல்லை. மாநிலப் பெண்கள் அணிக்கு ஆள் பொறுக்குகிறவர். காரைக்காலிலிருந்து ஒரே ஒரு பெண்ணை எடுக்கப் போகிறார் என்று பேச்சு. அந்த அணியில் ஒரு தடவை ஆடி, சர்டிபிகேட்டைக் கையில் வாங்கிவிட்டால் போதும், விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலைக்கு வழி பிறக்கும். ஜெனிஷா பி.காம். முடித்து ஒரு வருடம் ஆகிறது. அந்த அணிக்கு வயது வரம்பு உண்டு. மார்ச் வந்தால் அவளுக்கு அது தாண்டிவிடும். அவளுக்கு இருந்தது இந்த ஒரு ஆட்டம்தான்.

கிளிஞ்சல்மேட்டு அணியோடு இறுதி ஆட்டம். அதற்கு முதல் நாள் சாயங்காலம் திடலில் நான் ஏணிமேல் நின்று மைக் செட் குழாய் கட்டிக்கொண்டிருந்தேன். கீழே அப்பனும் மகளும் பேசியது அத்தனையும் காதில் விழுந்தது.

"நாளைக்கு ஒரு நாளு மட்டும் என்ன மொதல்லேருந்தே முன்னாடி விடுங்கப்பா."

"மொதல்லயே விட்டா மொதப் பாதியிலயே முடிஞ்சிடுவ. கிளிஞ்சல்மேட்டுப் புள்ளைங்க சும்மாவா ஓடுதுங்க. அதுங்களக் களைக்க விடணும்மா."

"அவுரு பாதியிலயே போயிடுவாருப்பா. போன வருஷம் வந்த ஆளும் அப்படித்தான் போனாரு."

"போன வருஷம் வந்தவருக்கு வந்த ஒடனே பொன்னாடையப் போத்திட்டாங்க. போத்தினாப் போயிடுவாங்க. போத்தலன்னா எங்க போவாங்க? அது வாங்காம எந்திரிச்சிப் போன ஆளு நம்ம ஊருல உண்டா?"

ஏணியில் நின்றபடியே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அது சரியான பேச்சு. என் மைக்குக்கு முன்னால் எத்தனையோ பெரிய மனிதர்கள் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். தோளில் சால்வை விழுகிற வரைக்கும் வெயிலோ மழையோ அசையமாட்டார்கள். விழுந்த நிமிடத்தில் அவர்களுக்கு இன்னொரு நிகழ்ச்சி ஞாபகம் வந்துவிடும். இருபத்தாறு வருடம் வால்வைப் பிடித்த ஆள் இல்லையா, எதை மூடிவைத்தால் எது நிற்கும் என்று கண்டுபிடித்துவிட்டார்.

ஜெனிஷா "சரிப்பா" என்றாள். அப்பன் பேச்சை நம்பினாளோ, வேறு வழியில்லை என்று விட்டாளோ, தெரியாது.

நான் ஏணியை விட்டு இறங்கியதும் சூசைமுத்து பக்கத்தில் வந்தார். விழாக் குழுச் செயலாளர் சோமுவிடம் பேசிவிட்டாராம். பொன்னாடை கடைசியில்தான், கோப்பை கொடுக்கும்போதுதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டாராம். நானும் வாய் தவறி அதற்கு முன்னால் மைக்கில் பொன்னாடை என்று கூப்பிட்டுவிடக் கூடாதாம்.

"கூப்புட மாட்டண்ணே" என்றேன்.

"புள்ள வாழ்க்கை தங்கப்பா."

"சத்தியமாக் கூப்புட மாட்டண்ணே."

கூப்பிடவும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் மூன்றரைக்கு ஆட்டம். குஞ்சிதபாதம் சொன்ன நேரத்துக்கு வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். அறுபது வயது இருக்கும். இறங்கும்போதே, ஐந்து மணிக்கு நாகப்பட்டினத்தில் ஒரு வரவேற்பு இருக்கிறது என்று சோமுவிடம் சொன்னார். சோமு தலையை ஆட்டி, என் மேசைக்குப் பக்கத்தில் சிவப்புத் துணி விரித்த நாற்காலியில் அவரை உட்காரவைத்தார். பொன்னாடை பிளாஸ்டிக் கவரோடு மேசைமேல் இருந்தது. விருந்தினர் அதை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

நாலாவது நிமிடத்தில் கிளிஞ்சல்மேட்டு கவியா ஒரு கோல் அடித்தாள். ஒல்லிப் பெண், கடற்கரை மணலில் ஓடி வளர்ந்த கால். நெரவிப் பெண்கள் யாரும் பதறவில்லை. பந்தை வாங்கினார்கள், குறுக்கே ஓடினார்கள், திரும்பி ஓடினார்கள். ஜெனிஷா பின்வரிசையில் கோல் கம்பத்துக்கு முன்னால் நின்றாள். வந்த பந்தைத் தடுத்துப் பக்கத்தில் நிற்கிறவளிடம் தள்ளினாள். மறுபடி நின்றாள். அவள் கண் பந்தின்மேல் இருந்ததைவிடச் சிவப்பு நாற்காலியின்மேல்தான் அதிகம் இருந்தது.

விருந்தினர் என் பக்கம் சாய்ந்து, நெரவியில் நன்றாக ஆடுகிற பெண் ஒன்று இருக்கிறதாமே, எது என்று கேட்டார். நான் கையை நீட்டிக் காட்டினேன்.

"அதுவா? அது நின்னுகிட்டுல்ல இருக்கு."

"ரெண்டாவது பாதியில ஓடும் சார்" என்றேன்.

அவர் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். ஏதோ எழுதினார். என்ன எழுதினாரோ. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார், பிளாஸ்டிக் கவரைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். காரோட்டி இரண்டு தடவை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனான். ஆனால் விருந்தினர் எழுந்திருக்கவில்லை. சூசைமுத்துவின் கணக்கு அப்படியே பலித்துக்கொண்டிருந்தது. எனக்கே ஆச்சரியம். ஒரு முழ ஜரிகைத் துணி ஒரு மனிதரைக் கட்டிப்போட்டு உட்காரவைத்திருந்தது.

இடைவேளைக்கு ஊதினார்கள். நெரவி பூஜ்யம், கிளிஞ்சல்மேடு ஒன்று. விருந்தினர் இன்னும் நாற்காலியில்தான் இருந்தார். பஜ்ஜி வாசனை வந்தது. ஜனம் வந்து சேர்ந்தது, ஐந்நூறு பேருக்குக் குறையாது. அந்தப் பக்கம் சூசைமுத்து பெண்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜெனிஷா குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் அவள் முன்னால் வந்திருப்பாள்.

அத்தனை ஜனம், கையில் மைக், சொல்ல ஒன்றும் இல்லை. அது ஒரு அரிப்பு. மைக் பிடித்தவனுக்குத்தான் தெரியும். பொன்னாடை என்று கூப்பிடமாட்டேன் என்றுதானே சத்தியம் செய்தேன், பொன்னாடையைப் பற்றிப் பேசமாட்டேன் என்று செய்யவில்லையே. எடுத்தேன், சொன்னேன்.

"ரசிகப் பெருமக்களே, ஒரு முக்கிய அறிவிப்பு. நமது கோச் ரெண்டாவது பாதி சூசைமுத்து அவர்களின் வேண்டுகோளுக்கு இணங்க, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடையும் ரெண்டாவது பாதியில்தான். முதல் பாதியிலேயே போர்த்தினால் விருந்தினர் ஓடிப்போய்விடுவாராம்."

திடல் குலுங்கியது. அல்லி அக்கா கரண்டியைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து சிரித்தாள். நான் போட்ட ஜோக்குகளிலேயே அன்றைக்குப் போட்டதுதான் பெரிசு, அதில் சந்தேகம் இல்லை. விருந்தினரும் சிரித்தார். எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்தார். எழுந்த பிறகுதான் அவர் காது இரண்டும் சிவந்திருப்பதைப் பார்த்தேன். துணிக்காக உட்கார்ந்திருக்கிறான் என்று ஐந்நூறு பேருக்கு முன்னால் சொன்ன பிறகு, எந்த மனிதர் அந்த நாற்காலியில் உட்காருவார்?

சோமு பதறிப்போய்க் கவரைக் கிழித்துப் பொன்னாடையைப் போர்த்தினார். விருந்தினர் என் கையிலிருந்து மைக்கை வாங்கி, பெண்கள் கால்பந்து வளர வேண்டும் என்று நாலு வரி பேசினார். கும்பிட்டார். காரில் ஏறினார். இரண்டாவது பாதிக்கு நடுவர் ஊதியபோது கார் திடலைத் தாண்டி மெயின் ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தது.

சூசைமுத்து அதைப் பார்த்தார். நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஓடிப்போய்க் காரை மறித்திருக்கலாம். இன்னொரு மனிதர் என்றால் மறித்திருப்பார். இவரோ, கார் போகிற வரைக்கும் பார்த்துவிட்டு, திரும்பி ஜெனிஷாவிடம், "முன்னாடி போ" என்றார்.

அவள் முன்னால் போனாள். எட்டாவது நிமிடத்தில் நடுக்கோட்டிலிருந்து பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு கிளம்பி மூன்று பேரைத் தாண்டிக் கோல் அடித்தாள். பதினைந்தாவது நிமிடத்தில் இன்னொன்று. ஓடி வந்து கட்டிப்பிடித்த பெண்களைத் தள்ளிவிட்டுச் சிவப்பு நாற்காலியைப் பார்த்தாள். அதில் கிழிந்த பிளாஸ்டிக் கவர் கிடந்தது. முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது மூன்றாவது கோல். கிளிஞ்சல்மேட்டுப் பெண்கள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். சூசைமுத்து சொன்னது சொன்னபடி நடந்தது. எத்தனையோ ஆட்டத்துக்கு நான் மைக் பிடித்திருக்கிறேன், அப்படி ஒரு இருபத்தைந்து நிமிடத்தைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டியவர் அந்நேரம் திருமலைராயன்பட்டினத்தைத் தாண்டியிருப்பார்.

கோப்பையைச் சோமுவே கொடுத்தார். போட்டோ எடுக்கும்போது ஜெனிஷா ஓரத்தில் நின்றாள். சூசைமுத்து, கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடைசியில்தான் வந்து நின்றார். போட்டோவில் அவர் பாதிதான் விழுந்திருக்கிறார்.

பதினோரு நாள் கழித்துப் பெயர்ப் பட்டியல் எல்லோர் செல்போனுக்கும் வந்தது. காரைக்காலிலிருந்து ஒரே பெயர். கிளிஞ்சல்மேட்டு கவியா. நாலாவது நிமிடத்தில் அடித்த ஒரு கோல் போதுமாயிருந்தது. அந்தப் பெண்மேல் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. சீக்கிரம் ஓடினாள், இருந்த ஆள் பார்த்தார்.

ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் டீ வர நேரமானால், என்னங்க, டீ ரெண்டாவது பாதியிலயா என்று கேட்டார்கள். சூசைமுத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டார்கள். அவர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு கொஞ்சம் சிரித்தாராம். அணிப் பெண்களில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். ஜெனிஷா பயிற்சிக்கு வரவில்லை. டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிற வேலைக்கு ஆள் கேட்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருப்பதாக அந்தோணிமேரி சொன்னாள்.

சோமுதான் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். உன் வாயால் வந்தது, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா என்றார். வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டேன். போனபோது சாயங்காலம். சூசைமுத்து நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த அணிக்கு நாற்பது நாள் ஓட்டத்தை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஜெனிஷா கீழே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

நான் மென்று விழுங்கி ஏதோ சொன்னேன். விளையாட்டுக்குச் சொன்னது அண்ணே, இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்றேன். சூசைமுத்து என்மேல் கோபமே படவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். நீ என்ன பண்ணுவ தங்கப்பா, அவர் இன்னும் பத்து நிமிடம் இருந்திருந்தால் போதும் என்றார்.

ஜெனிஷா தலை நிமிர்ந்தாள்.

"மாமா, நீங்க சொன்னதுக்காக அவுரு ஒண்ணும் போகல. இருவத்தஞ்சு நிமிஷம் உக்காந்துதானே இருந்தாரு. அந்த இருவத்தஞ்சு நிமிஷமும் அவுரு கண்ணு முன்னாடிதான் இருந்தேன். நின்னுகிட்டு இருந்தேன்."

"ஜெயிச்சமுல்லம்மா" என்றார் சூசைமுத்து.

"நீங்க ஜெயிச்சீங்கப்பா."

அந்தோணிமேரி உள்ளேயிருந்து, "ஜெனி, போதும்டி" என்றாள். ஜெனிஷா நிறுத்தவில்லை. சத்தமும் போடவில்லை. ஒரு சட்டையை மடித்துக்கொண்டே, பில் போடுகிற மாதிரிச் சொன்னாள்.

"அந்தத் தொட்டியில பைப்ப மாத்தி எட்டு வருஷம் ஆவுது. இஞ்சினீயரு இங்க வந்து, இந்த நாற்காலியில உக்காந்துதான் சொன்னாரு. இனிமே ஒரேயடியாத் தொறக்கலாங்க, ஒண்ணும் ஆவாதுன்னாரு. நீங்க சரிங்க சரிங்கன்னு தலையாட்டுனீங்க. ஒரே ஒரு நாளு தொறந்து பாத்திருக்கீங்களாப்பா?"

சூசைமுத்து நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வாழைப்பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்டூலில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். மனசு லேசாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன். தப்பு என்னுடையது இல்லை என்று அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள். டீக்கடைக்குப் போய் அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் நாலு பேருக்குச் சொன்னேன்.

மறுநாள் காலையில் வழக்கம்போல வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தரைக்குச் சூசைமுத்து வந்தார். சைக்கிளை நிறுத்திப் பூட்டினார். வால்வுச் சக்கரத்தில் இரண்டு கையையும் வைத்தார். கால் சுற்று சுற்றினார். நிற்பார் என்று பார்த்தேன். நிற்கவில்லை. அடுத்த கால் சுற்று, அதற்கடுத்தது. தோள் குலுங்கச் சுற்றிக்கொண்டே போனார், சக்கரம் அதற்குமேல் திரும்பாது என்கிற வரைக்கும். ஒரே மூச்சு. பிறகு நாலடி பின்னால் வந்து, தொட்டிச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். முக்குப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். வெடிக்கும் என்று காத்திருக்கிறார் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

ஒன்றும் வெடிக்கவில்லை. ஒரு சொட்டு எங்கேயும் கசியவில்லை. தெருவில் வரிசையாகக் குழாய்கள் சீறின. அல்லி அக்கா வாசலில் குடத்தை வைத்துவிட்டு, "அட, இன்னைக்கு இவ்ளோ சீக்கிரமா வந்துட்டு. இது இத்தன நாளா எங்க இருந்துது?" என்று பக்கத்து வீட்டைக் கேட்டாள். பக்கத்து வீட்டிலும் அதையேதான் கேட்டார்கள்.

சூசைமுத்து சுவரை விட்டு வரவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும். முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டார். வேர்வையா வேறு எதுவுமா, இங்கிருந்து தெரியவில்லை. பிறகு போய்ச் சக்கரத்தைப் பிடித்து, திறந்த அத்தனை சுற்றையும் திருப்பி மூடினார். முழுசாக மூடினார். கொஞ்ச நேரம் அதைப் பிடித்தபடி நின்றார். பிறகு கால் சுற்று திறந்தார். நின்றார்.

தெருவே கத்தியது. வந்த தண்ணீரை எவன் நிறுத்தினான் என்று ஆளாளுக்குத் திட்டினார்கள். அவர் காதில் ஏறவில்லை. பத்து நிமிடம் கழித்து இன்னொரு கால் சுற்று. இதை நான் இன்னும் மைக்கில் சொல்லவில்லை. அடுத்த பொங்கலுக்கு வைத்திருக்கிறேன்.

அந்த நேரம் அவர் வீட்டில் நடந்ததை அந்தோணிமேரி என் வீட்டுக்காரியிடம் சொன்னாள். ஜெனிஷா குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். தண்ணீர் திடீரென்று முழு வேகத்தில் வந்து குடத்தில் அடித்து, அவள் மேலெல்லாம் தெறித்திருக்கிறது. அவள் எழுந்து நின்று, "அம்மா, அப்பா தொறந்துட்டாரு" என்றாளாம். அந்தப் பட்டியல் வந்த பிறகு அவள் முகம் தெளிந்ததே அப்போதுதானாம். பாதிக் குடம் நிறைவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. இருவரும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து நூல் மாதிரி ஒழுக ஆரம்பித்தது.

அவள் அதற்குக் கீழே குடத்தைப் பிடிக்கவில்லை. இருந்த பாதித் தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு, வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த தெரு அடிபம்புக்குப் போய்விட்டாள்.